அழுங்கு பார்த்த தாய்மாமன்

காலை ஆறு மணிக்குத்தான் வனவிலங்குப் பூங்காவின் கதவு திறக்கும். ஐந்தரைக்கே எங்கள் பிக்கப் வரிசையில் நின்றது. முன்னால் இருபது வண்டிகள். செப்டம்பரில் ஒரு வாரம் உள்நாட்டுக்காரர்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் அந்த வாரம் எங்கள் ஊரே கோழியை வறுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். வருஷம் முழுக்க வேலிக்கு வெளியே இருந்துகொண்டு, யானை புகுந்து சோளத்தை மிதித்தால் வண்டை வண்டையாகத் திட்டுகிற ஆட்கள்தான் நாங்கள். அந்த ஒரு வாரம் அதே யானையைப் பார்க்க வரிசையில் நிற்போம்.

வாசலில் சீட்டு எழுதும் பெர்ட்டா எங்களுக்குப் பின்தெருக்காரி. வண்டியைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடடே, அழுங்கு மாமாவா! இன்னைக்கு என்ன பார்க்கப் போறீங்க மாமா, பறக்கிற யானையா?"

என் கணவர் ஹசானி படிவத்தை வாங்கினார். அதில் எங்கள் மூவர் பெயரையும் எழுதி நீட்டினார். மூன்று வருஷமாகவே இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்ததில்லை.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், என் தம்பி இறந்த மாதத்தில், இதேபோல ஒரு இலவச வாரத்தில், நானும் அவரும் மட்டும் வந்தோம். ஆற்றோரச் சரளைப் பாதையில், பட்டப்பகலில், ஒரு அழுங்கு வண்டிக்கு முன்னால் நடந்து போனது என்று அவர் சொன்னார். உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி அது. பூங்காவிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்த காவலர்கள்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். நான் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மனுஷன் அதைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம். பூங்காவுக்குள் தங்கும் முகாமில், வருகிறவர்கள் என்னென்ன பார்த்தோம் என்று எழுதும் நோட்டு ஒன்று இருக்கும். அதில் தேதி, நேரம், இடம் எல்லாம் போட்டு அழகாக எழுதிவிட்டு வந்தார். மறுநாள் எவனோ அதற்குக் கீழே எழுதியிருக்கிறான்: "நானும் பார்த்தேன். டைனோசர் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது." அந்தப் பக்கத்தை இன்னொருவன் படம் எடுத்து அனுப்ப, வாரம் முடிவதற்குள் எங்கள் ஊரில் எல்லார் போனிலும் அது இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த பெயர்தான் அழுங்கு மாமா.

"போட்டோ எங்கேய்யா?" என்று யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில். "பேட்டரி தீர்ந்துபோச்சு."

இங்கேதான் எனக்கு உறுத்தல். பேட்டரி தீரவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது அதே போனில் வழிநெடுக நான் பக்திப் பாட்டுக் கேட்டேன். எழுபது சதவீதம் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நான் மருத்துவமனையில் நர்ஸ். வருகிறவர்களிடம் எங்கே வலி, எப்போது வந்தது, எத்தனை நாளாக என்று நாள் பூராவும் கேள்வி கேட்டே வயிறு வளர்க்கிறவள். என் வீட்டு ஆளிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவே இல்லை. கேட்டு, அவர் முழித்தால் என்ன செய்வேன்?

கதவு திறந்தது. எங்கள் பிக்கப்பில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நீள இருக்கைதான். ஹசானி ஓட்டினார், நான் நடுவில் இடிபட்டேன், சன்னலோரம் அவருடைய அக்கா சகானி. அண்ணிக்குச் சன்னல் வேண்டும் என்று சொல்லிவிட்டால் வேண்டும்தான்.

"நியெலெட்டி, கொஞ்சம் ஒதுங்கி உட்காருடி. என் இடுப்பு நசுங்குது."

"எங்கே ஒதுங்கறது அண்ணி? கியர் கம்பி மேலயா?"

"அவன் பக்கம் ஒதுங்கு. கட்டினவன்தானே."

அண்ணி வந்தது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, அவளுக்குச் சிறுத்தை பார்க்க வேண்டும். "அம்பத்தாறு வயசாச்சு. வேலியோரம் பொறந்து வளர்ந்தவ. இதுவரைக்கும் சிறுத்தையை இருநூறு ராண்ட் நோட்டுலதான் பார்த்திருக்கேன், அதுவும் அடிக்கடி இல்லை" என்பாள். இரண்டாவது காரியம்தான் பெரியது.

வரும் சனிக்கிழமை அவள் மகள் டினிகோவுக்குப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எங்களில் பெண்ணுக்காகப் பேச வேண்டியவர் தாய்மாமன். அவர் உட்காரச் சொன்னால்தான் வந்தவர்கள் உட்கார முடியும், அவர் சரி என்றால்தான் சரி. எங்களுக்குக் குழந்தை இல்லை. டினிகோ பிறந்த அன்றைக்கே ஹசானி அவளைக் கையில் வாங்கிக்கொண்டு, "இவளுக்காக நான் பேசும்போது மாப்பிள்ளை வீட்டுக்காரன் வேர்த்து வழியணும்" என்று சொன்னதை நான் கேட்டேன். இருபத்து நான்கு வருஷமாக அந்த ஒரு நாளுக்காக மனுஷன் காத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள்.

"தப்பா நினைக்காதே தம்பி. மாப்பிள்ளை வீடும் நம்ம ஊர்தான். அந்த டைனோசர் பக்கம் அவங்க போன்லயும் இருக்கு. நீ பேச ஆரம்பிச்சதும் எவனாவது ஒருத்தன் சிரிச்சான்னு வை, என் பொண்ணோட காரியமே சிரிப்பாயிடும். பெஞ்சமின் பேசட்டும்."

பெஞ்சமின் சித்தப்பா மகன். நகராட்சியில் வேலை. கோட்டுப் போடுவான். அதுதான் அவனுடைய தகுதி.

ஹசானி "புதன்கிழமை பூங்காவுக்கு வாக்கா. அந்த இடத்தைக் காட்டறேன். அப்புறம் நீயே முடிவு பண்ணு" என்றார். இடத்தைப் பார்த்து என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. அழுங்கு என்ன கையெழுத்துப் போட்டுவிட்டா போயிருக்கும்? ஆனால் அவரிடம் வேறு என்ன இருந்தது காட்டுவதற்கு?

இதற்கு நடுவில் அவருக்குப் பல்வலி வேறு. மேல்வரிசையில் இடது பக்கம். நான்கு இரவாக மனுஷன் படுக்கவில்லை. சமையலறைக்கும் முற்றத்துக்கும் நடையாய் நடந்து உப்புத் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிடுங்கிவிடலாம் என்றால் கேட்டால்தானே! பல் போனால் பேச்சில் காற்று வரும், சனிக்கிழமை கழியட்டும் என்கிறார். பேச விடுவார்களா என்றே தெரியாத பேச்சுக்காக அந்தச் சொத்தைப் பல்லைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

காலை நன்றாகவே போனது. வரிக்குதிரை, காட்டுப்பன்றி, பாதையை மறித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்ற ஒரு யானை. அது நகரும் வரை இருபது நிமிஷம். அண்ணி அதையும் திட்டினாள்.

எட்டு மணி வாக்கில் ஒரு பள்ளத்தில் காண்டாமிருகம் ஒன்று கன்றுடன் நின்றது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். கன்று தாயின் வயிற்றில் கொம்பில்லாத மூக்கை முட்டி முட்டிப் பால் கேட்டது. ஏன் இந்தக் கன்று எப்போதும் தாய்க்கு முன்னால் நடக்கிறது, கறுப்பு ஜாதிக் காண்டாமிருகத்தின் கன்று ஏன் பின்னால் நடக்கிறது என்று நான் கேட்க, ஹசானி தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து உரசி நின்றது. ஓட்டியவன் கண்ணாடியை இறக்கினான். அவன் நின்ற இடத்திலிருந்து பள்ளம் தெரியாது.

"ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க. இம்பாலா மான்தான். அதுவும் போயிடுச்சு" என்றார் ஹசானி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். சிங்கம் எங்கே, சிறுத்தை எங்கே என்று போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கூவிச் சொல்லலாம். காண்டாமிருகத்தை மட்டும் எவரும் சொல்லக்கூடாது. கேட்கிறவன் கொம்புக்காக வந்தவனா, பார்க்க வந்தவனா என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கும்? அண்ணிக்கும் இது தெரியும். ஆனாலும் விடுவாளா?

"பார்த்தியாடி, எவ்வளவு சரளமா வருது பொய். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு வருது."

"அது வேறக்கா."

"பொய்யில என்னடா வேற?"

ஹசானி வண்டியைக் கிளப்பினார். எனக்கும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆமாம், எவ்வளவு சரளமாக வருகிறது.

முகாமில் பெரிய வரைபடப் பலகை இருக்கும். எந்த விலங்கை எங்கே பார்த்தோமோ அங்கே ஒரு காந்தப் பொட்டை ஒட்டுவார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நிறம். காண்டாமிருகத்துக்குப் பொட்டே கிடையாது. அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறுத்தைப் பொட்டுகளை ஆராய்ந்தாள். எல்லாம் தெற்கே, எங்களால் போய்த் திரும்ப முடியாத தூரத்தில். ஆற்றோரப் பாதையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"நம்ம பக்கம் சிறுத்தைக்கு என்ன பஞ்சமா?" என்று பலகையிடமே சண்டைக்குப் போனாள்.

ஹசானி அந்த நோட்டு இருந்த மேசைப் பக்கமே போகவில்லை. கழிவறைக்குப் போனவர் திரும்பும்போது அதைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

உணவுக்கு மரத்தடி மேசையில் உட்கார்ந்தோம். வறுத்த கோழி, அவித்த முட்டை, நான் விடியற்காலை பொரித்த மக்வின்யா மாவு உருண்டைகள், தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். ஒரு குரங்கு வந்து அண்ணியின் கையிலிருந்த மக்வின்யாவைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது. அண்ணி அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். ஹசானி மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை. கன்னம் வீங்கி, கண் சிவந்திருந்தது. நான் வலி மாத்திரை இரண்டு கொடுத்தேன்.

"இது தூக்கம் வர வைக்கும். இனிமே நான் ஓட்டறேன்."

"இடத்தை நான்தானே காட்டணும்?"

"கையை நீட்டிக் காட்டுங்க, மலுலேகே. அதுக்கு ஸ்டியரிங் எதுக்கு?"

நான் அவரைக் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் மரியாதை அதுதான். கோபம் வந்தால் மட்டும் ஹசானி. அவர் என்னைச் சௌக்கே மகளே என்பார், என் அப்பாவின் குலத்தைச் சொல்லி.

ஆற்றோரப் பாதைக்குத் திரும்பினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும், நடுவில் இரண்டு குட்டையும், குட்டைக்குள் மூன்று நீர்யானை முதுகும். ஒரு பெரிய மரத்தின் நிழல் பாதைமேல் விழுந்த இடத்தில் ஹசானி கையைக் காட்டினார். நான் நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன்.

"இங்கேதான். அந்தக் கறையான் புத்துலேர்ந்து இறங்கி வந்துச்சு. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வச்சுக்கிட்டு, பின்னங்கால்ல மட்டும் நடந்துச்சு. பாதிரியார் கையைக் கட்டிக்கிட்டு நடப்பாரே, அப்படி. இந்த இடத்துல நின்னு மண்ணை மோந்துச்சு. அப்புறம் அந்தப் புதருக்குள்ள போயிடுச்சு."

அண்ணி புதரைப் பார்த்தாள். புற்றைப் பார்த்தாள். இறங்கிப் பார்க்கலாமென்றால் இறங்கக்கூடாது. இங்கே வண்டியை விட்டுக் காலைக் கீழே வைத்தால் அபராதம், அதற்கு முன்னால் சிங்கம் வராமல் இருந்தால்.

"சரிடா, புத்து இருக்கு. புத்து எங்கே இல்லை? எங்க வீட்டுக் கழிவறைக்குப் பின்னாடிகூட இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டாள். "நீ சொல்லுடி. மூணு வருஷமா 'நான் தூங்கிட்டேன், தூங்கிட்டேன்'ங்கிறே. தூங்கினது தூங்கினே. அவன் பார்த்தான்னு நீ நம்பறியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு. நீ நம்பறேன்னு சொன்னா சனிக்கிழமை அவன் பேசட்டும்."

ஹசானி என்னைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கு அந்த எழுபது சதவீதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"எனக்குத் தெரியலை அண்ணி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், அதுதான் சரி என்பதுபோல. வெயில் தகித்தது. கோழி தின்ற மயக்கத்தில் முதலில் அண்ணி சன்னல் பக்கம் சாய்ந்து குறட்டை விட்டாள். கொஞ்ச நேரத்தில் நடுவிலிருந்த ஹசானியின் தலையும் தொங்கியது. தொங்கி, மெதுவாகச் சரிந்து, என் தோளுக்குக் கீழே, இடது மார்பில் வந்து நின்றது. வலியில்லாத கன்னம் கீழே, வீங்கின கன்னம் மேலே. வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான்கு இரவுத் தூக்கம். என் சட்டை நனைந்தது. பாவி மனுஷன், என் பதிலுக்குப் பிறகும் என் மேலேயே சாய்ந்து தூங்குகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. போகட்டும், தூங்கி எழட்டும் என்று அசையாமல் இருந்தேன்.

அரைமணி நேரம் போயிருக்கும். ஆற்றங்கரையில் கத்திக்கொண்டிருந்த பறவைகள் திடீரென்று நிறுத்திக்கொண்டன. ஒரு மான் தும்முவதுபோலச் சீறியது. என்ன ஆச்சு இதுகளுக்கு என்று நான் கண்ணை மட்டும் திருப்பினேன்.

கறையான் புற்றுக்குப் பின்னாலிருந்து சிறுத்தை வந்தது. வாயில் குட்டி. கழுத்துத் தோலைக் கவ்வியிருந்தாள். குட்டி கால்களை மடக்கிக்கொண்டு தொங்கியது, இன்னும் கண் சரியாகத் திறக்காத குட்டி. எங்கள் வண்டிக்கு முன்னால் பத்தடியில் பாதையில் ஏறினாள். நின்றாள். என்னை நேருக்கு நேர் பார்த்தாள். எஞ்சின் ஓடியிருந்தால் வந்தே இருக்க மாட்டாள்.

என் கை தானாகப் போனுக்குப் போனது. போன் எப்போதும்போலச் சட்டையின் இடது பையில். கை அவர் காதைத் தொட்டது. போன் அவர் கன்னத்துக்கு அடியில் இருந்தது.

தலையை ஒரு விரற்கடை தூக்கினால் எடுத்துவிடலாம். தூக்கினால் எழுந்துவிடுவார். எழுந்ததும் வலியில் முனகுவார். அண்ணியை எழுப்ப வேண்டுமானால் அவரைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும், இல்லை கத்த வேண்டும். ஐம்பத்தாறு வருஷமாகக் காத்திருக்கிறவள் நான்கடி தள்ளிக் குறட்டை விடுகிறாள்! எடுக்கவா, விடவா? அவர் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது, முனகல் இல்லாத மூச்சு. நான் கையைத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன்.

சிறுத்தை குட்டியை ஒருமுறை கீழே வைத்து, சரியாகக் கவ்விக்கொண்டு, பாதையைக் கடந்து ஆற்றுப் பக்கம் இறங்கினாள். வால் நுனி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. சரளைக்கல்லில் காலடித் தடம்கூட விழவில்லை.

எனக்கு அடக்க முடியவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்துவிட்டது. அண்ணி திடுக்கிட்டு விழித்தாள்.

"என்னடி? என்ன ஆச்சு?"

"சிறுத்தை அண்ணி. குட்டியைக் கவ்விக்கிட்டு. இதோ, இப்படிக் குறுக்க போச்சு."

"எங்கே? எங்கே?"

"போயிடுச்சு."

"போயிடுச்சா? அடிப்பாவி! என்னை எழுப்ப உனக்கு என்ன கேடு? நான் எதுக்குடி வந்தேன்? சரி, போட்டோ காட்டு. போட்டோவாவது காட்டு."

நான் வாயைத் திறந்தேன். "உங்க தம்பி தலை அது மேல இருந்துச்சு" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாகும்வரை, எல்லாக் கல்யாணத்திலும், எல்லாச் சாவிலும், 'இவன் தூங்கினதால என் சிறுத்தை போச்சு' என்று சொல்லிக்காட்டுவாள். ஏற்கெனவே அந்த மனுஷன் மேல் ஊர் ஏற்றியிருப்பது போதாதா?

"பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மூன்று வருஷமாக நான் கேட்டுக் கேட்டுப் புளித்த வார்த்தை. யோசிக்காமல், அத்தனை சரளமாக, அப்படியே என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

ஹசானி அந்தச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தார். அவர் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு, அதன் முடிவில் வளைந்து இன்னொரு கோடு. என் போனின் மூலை அப்படியே பதிந்திருந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அழுங்கு வந்த அன்றைக்கு நான் தூங்கி எழுந்து பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபோது என் கன்னத்தில் இதே கோடு இருந்தது. அவர் சட்டைத் தையல் பட்டிருக்கும் என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன்.

"சிறுத்தையா?" என்றார் அவர், தூக்கம் கலையாமலே. "எந்தப் பக்கம் போச்சு? வாலை மேல சுருட்டியிருந்துச்சா? குட்டிக்குக் கண் திறந்திருந்துச்சா?"

பார்த்தாயா என்று கேட்கவில்லை. நிஜமா என்று கேட்கவில்லை. போட்டோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்னேன், அவர் நம்பினார். அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

வண்டியைக் கிளப்பினேன். அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாம் குடும்பத்தோட புளுகு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாதை மேட்டில் ஏறியது. மேட்டில் சிக்னல் வரும் என்பது எனக்கு மறந்தே போனது. என் சட்டைப்பையில் போன் ஓங்கி மணியடித்தது.

அண்ணி மெதுவாகத் திரும்பினாள்.

"செத்துப்போன பேட்டரி பாடுது."

நான் நிறுத்தினேன். போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. அண்ணி என் பையைப் பார்த்தாள். ஈரமாக இருந்த இடத்தைப் பார்த்தாள். தம்பியின் கன்னத்தைப் பார்த்தாள். நான் அவளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஹசானி, அன்னைக்குப் போன் எங்கே இருந்துச்சு?"

அவர் தன் சட்டையின் இடது பையைத் தொட்டார். "எப்பவும் இங்கேதான்."

"என் தலை?"

"அதுவும் இங்கேதான்."

"ஒரு நிமிஷம் எழுப்பியிருந்தா என்ன?"

அவர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உன் தம்பி செத்துப் பத்தொன்பது ராத்திரி ஆகியிருந்துச்சு, சௌக்கே மகளே. பத்தொன்பது ராத்திரியும் நீ கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தே. நான் எண்ணிக்கிட்டிருந்தேன். அன்னைக்குத்தான், இந்த வண்டியில, முதல்முதலா உனக்குக் கண் மூடுச்சு. எஞ்சினை அணைச்சுட்டு உட்கார்ந்தேன். அப்பத்தான் அது வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அழுங்குக்காக உன்னை எழுப்புவேனா?"

"இதைச் சொல்லியிருக்கலாமே? ஊர் இத்தனை சிரிச்சுதே!"

"சொன்னா? 'பொண்டாட்டி தூக்கத்துக்காக விட்டுட்டானாம்'னு உன்னையும் சேர்த்துச் சிரிச்சிருப்பாங்க. தம்பியைப் பறிகொடுத்தவளைப் போய்... என்னை மட்டும் சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கவில்லை. அவர் என் முதுகைத் தடவினார்.

போன் மறுபடி அடித்தது. அண்ணி கையை நீட்டி என் பையிலிருந்து தானே எடுத்தாள். டினிகோ.

"ஆமாண்டி, உள்ளேதான் இருக்கோம்... என்ன? யாரு பேசறதுன்னு அவங்க கேட்கிறாங்களா?" தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உன் மாமன்தான் பேசுவான். வேற யாரு பேசுவா? ... பெஞ்சமினா? அவனுக்கு என்ன தெரியும், கோட்டுப் போடத் தெரியும். ... சிரிக்கட்டுமே. எவன் சிரிக்கிறான்னு நானும் பார்க்கிறேன். ... இல்லைடி, பல்லு வலி. நாளைக்கே பிடுங்கிடறோம். காத்து வந்தாலும் அவன் பேச்சுதான். வை போனை."

போனை என் பையிலேயே திரும்பச் செருகினாள். பிறகு தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கிற பக்கமாகப் பார்த்து. அவர் அலறினார்.

"அக்காகிட்ட சொல்றதுக்கு என்னடா?" என்றாள். "என்னையும் மூணு வருஷம் சிரிக்க வச்சுட்டியே."

வாசல் மூடுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தோம். பெர்ட்டா வெளியேறும் வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"என்ன மாமா, இன்னைக்கு என்ன பார்த்தீங்க?"

ஹசானி பதில் சொல்லும் முன் அண்ணி சன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டாள்.

"சிறுத்தை. வாயில குட்டியோட. ஆத்தோரப் பாதையில, பெரிய மரத்துக்குப் பக்கத்துல."

"நெஜமாவா? போட்டோ காட்டுங்கத்தே!"

"பேட்டரி தீர்ந்துபோச்சு."

பெர்ட்டா சிரிக்க வாயெடுத்தாள். அண்ணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

"அங்கேயே ஒரு அழுங்கும் பார்த்தோம். முன்னங்காலைக் கட்டிக்கிட்டு, பாதிரியார் மாதிரி நடந்து போச்சு. அது மூணு வருஷத்துக்கு முன்னாடி. சொல்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. எழுதிக்கோ."

பெர்ட்டா மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த வண்டிக் கணக்கு அட்டையைத் திருப்பி, பேனாவை எடுத்து, உண்மையிலேயே எழுதினாள்.

அண்ணி இரண்டையும் பார்க்கவில்லை. ஒன்று வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள், மற்றது வந்தபோது வீட்டில் இருந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன். கதவு எங்களுக்குப் பின்னால் மூடியது.